இருதலை ஒயர்

காயில்காரருக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பிறவிக் குணம் என்று தெருவில் சொல்வார்கள். தொழில் கற்றுக்கொடுத்தது என்று அவர் சொல்வார். கருகின மோட்டாரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருகிற ஒவ்வொருவனும், நான் ஒன்றுமே செய்யவில்லை, தானாகத்தான் புகைந்தது என்பான். பிரித்துப் பார்த்தால் தண்ணீர் இல்லாமல் பொழுதெல்லாம் ஓடவிட்டிருப்பான். தலை நரைக்கிற வரைக்கும் இதையே கேட்டுக்கொண்டு, கருகின மோட்டாருக்கெல்லாம் புதுக் காயில் சுற்றிய மனுஷனுக்கு, ஒருத்தன் வாயால் சொல்வதை நம்பு என்றால் எப்படி நம்புவார்? செம்புக் கம்பி பொய் சொல்லாது, கருகியிருந்தால் கருகின வாசனை வரும், அவ்வளவுதான் அவருடைய படிப்பு.

புயல் அடித்து ஓய்ந்தபோது தெருவின் வளைவில் நின்ற பெரிய மரம் கம்பி மேல் சாய்ந்து கிடந்தது. வளைவுக்கு இந்தப் பக்கம் முழுத் தெருவும் இருட்டு. அந்தப் பக்கமும் இருட்டுதான்; அங்கே அறுந்த கம்பியின் வால் மாதிரி மிச்சம் இருந்தது நாலே வீடு. ஒன்று தையல்காரியுடையது. ஒன்று ஓய்வுபெற்ற பஸ் டிரைவருடையது. ஒன்று பூட்டிக் கிடந்தது, வீட்டுக்காரர்கள் மகள் ஊருக்குப் போயிருந்தார்கள். கடைசி வீடு காயில்காரரின் அக்காவுடையது.

பூட்டிய வீட்டைத் தவிர மற்ற மூன்று வீட்டுக்கும் எப்படியோ ஜெனரேட்டர் வந்து சேர்ந்தது. ஒருவர் வாடகைக்குப் பிடித்தார், ஒருவர் மைத்துனனிடம் இரவல் வாங்கினார். அக்கா வாங்கி வைத்து வருஷமாகிறது. அத்தானுக்கு நுரையீரல் இரண்டும் சல்லடையாகிப்போனதிலிருந்து, கட்டில் பக்கத்தில் ஒரு ஆக்சிஜன் மெஷின் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றால் அவர் மூச்சு நிற்பதற்கு அதிக நேரம் ஆகாது. அவசரத்துக்கு ஒரு சின்ன சிலிண்டர் உண்டு. சின்னது என்றால் சின்னதுதான்.

ஜெனரேட்டர் வந்துவிட்டது, அதை வீட்டுக்குள் எப்படிக் கொடுப்பது? முறையான வழி சேஞ்ச் ஓவர் சுவிட்ச். ஒரே கைப்பிடி. மேலே தள்ளினால் தெருக் கரண்டு, கீழே தள்ளினால் ஜெனரேட்டர், இரண்டும் ஒன்றாக ஒருநாளும் சேராது. ஆனால் கடைகள் திறக்கவில்லை. ஜனங்களுக்கோ காலில் வெந்நீர் கொட்டின அவசரம். உனக்குத் தெரியாத வேலையா, ஏதாவது செய்து கொடு என்று அவர் கடை வாசலில் வந்து நின்றார்கள். அவரும் செய்து கொடுத்தார். இருதலை ஒயர். இரண்டு முனையிலும் குத்துகிற பிளக். ஒன்றை ஜெனரேட்டரில் குத்தி, மற்றதைச் சுவரில் இருக்கிற பவர் பாயிண்டில் குத்தினால் வீடு முழுக்கப் பின்பக்கமாகக் கரண்டு ஏறிவிடும். தப்பான சாமான். ஒரு முனை ஜெனரேட்டரில் இருக்கும்போது மறுமுனை கழன்று விழுந்தால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற அந்தப் பித்தளைக் கால்களைத் தொடுகிறவன் அத்தோடு சரி. அதைவிடத் தப்பு ஒன்று உண்டு. மெயின் சுவிட்சை இறக்காமல் விட்டால் வீட்டுக்குள் ஏறிய கரண்டு வந்த வழியே தெருக் கம்பிக்கும் போகும். அங்கே எவனாவது கை வைத்துக்கொண்டிருப்பான்.

இதெல்லாம் காயில்காரருக்கு நன்றாகத் தெரியும். மெயினை இறக்கிவிடுங்கள் என்று சொன்னால் எவனும் கேட்க மாட்டான் என்பதும் தெரியும். இறக்கினாலும் இன்னொருத்தன் ஏற்றிவிடுவான். அதனால் அவர் ஒரு வழி வைத்திருந்தார். ஒயரைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போதே வாசல் சுவரில் இருக்கிற போர்டைத் திறந்து, மெயினை இறக்கி, தெருக் கம்பியிலிருந்து வருகிற வழியில் இருக்கும் பியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொள்வார். கட்டை இல்லாத வீட்டில் மெயினை ஏற்றினால் என்ன, இறக்கினால் என்ன. கரண்டு வந்தால் கடைக்கு வந்து வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். எதற்கு என்று கேட்டால், சொன்னால் உனக்குப் புரியாது என்பார். தையல்காரிக்கும் அதே பதில், டிரைவருக்கும் அதே பதில். அக்காவுக்குக்கூட அதே பதில்தான். மூன்று பீங்கான் கட்டைகளும் அவர் கடைச் சுவரில் ஆணியில் தொங்கின. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு ஒரு நிம்மதி. தெருவே தன் கையில் இருப்பதுபோல.

லைன் ஆட்கள் ஒரு காலையில் வந்தார்கள். மரத்தை அறுத்து ஒதுக்கினார்கள். போர்மேன் ஒல்லியான ஆள், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாதவர். அவருடைய லைன்மேன் ஏணி வைத்து ஏறி, நீளக் கம்பின் நுனியில் இருந்த டெஸ்டரை அறுந்த வாலின் பக்கம் நீட்டினான். அது வண்டு மாதிரி ரீங்காரம் போட்டது. செத்துக் கிடக்க வேண்டிய கம்பியில் கரண்டு இருந்தது. அவன் உடனே இறங்கி வந்துவிட்டான்.

யார் வீட்டில் ஜெனரேட்டர் என்று போர்மேன் கேட்டார். கூடியிருந்த அத்தனை விரலும் காயில்காரரைத்தான் காட்டியது. அவர் அசரவில்லை. நான் கட்டிக் கொடுத்தது மூன்று வீட்டுக்கு, மூன்று வீட்டுக் கட்டையும் என் கடையில் இருக்கிறது, வந்து பாருங்கள் என்றார். போர்மேன் வந்து பார்த்தார். ஆணியில் மூன்றும் தொங்கின.

"அப்போ கம்பியில பேய் ஓடுதா?" என்றார் போர்மேன்.

பிறகு அவர் சொன்னதைத் தெருவே கேட்டது. எந்த வீட்டிலிருந்து கரண்டு ரிட்டர்ன் வருகிறது என்று கண்ணால் பார்க்காமல் ஆளை மேலே ஏற்ற மாட்டார். கண்டுபிடித்தால், அந்த வீட்டுக்குப் போகிற ஒயரைப் போஸ்ட் கம்பத்திலேயே வெட்டிவிடுவார். ஆபீசிலிருந்து அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் மறுபடி சேர்ப்பார்கள். மதியத்துக்குள் கண்டுபிடிக்காவிட்டால் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார், அங்கேயும் ஜனங்கள்தான் காத்திருக்கிறார்கள். திரும்பி எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது.

காயில்காரருக்கு அக்கா வீட்டு ஜெனரேட்டர்தான் ஞாபகம் வந்தது. பெட்ரோல் பங்க்கிலும் கரண்டு இல்லை, பம்பு ஓடவில்லை. அக்கா வீட்டில் டாங்கில் இருப்பது பொழுது சாயும் வரைக்கும் வந்தால் பெரிது. தெருவுக்கு இன்று கரண்டு வந்தாக வேண்டும். வராவிட்டால் அத்தானுக்கு நாளைக்கு என்பது சந்தேகம்.

வளைவைத் தாண்டி விறுவிறுவென்று நடந்தார். முதலில் தையல்காரி வீடு. அவள் வாசலில் உட்கார்ந்து ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்காமலே போர்டைத் திறந்து பார்த்தார். கட்டை இருக்கிற பள்ளம் காலியாக, பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது.

"ஏன்ணே, நேத்து ராத்திரி முளைச்சிருக்கும்னு பாத்தீங்களா?" என்றாள் அவள், ஊசியிலிருந்து கண் எடுக்காமல்.

டிரைவர் பேன் காற்றுக்கு அடியில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் போர்டும் காலி. காயில்காரருக்குக் குழப்பமாகப் போயிற்று. எவனோ நாலாவது ஆள் தன்னைக் கேட்காமல் ஒயர் கட்டியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே தெருவில் இறங்கினார். அப்போதுதான் பூட்டிக் கிடந்த வீட்டின் வாசலைப் பார்த்தார்.

பட்டப்பகலில், ஆள் இல்லாத வீட்டின் வாசல் பல்பு எரிந்துகொண்டிருந்தது. பிரகாசமாக இல்லை. காய்ச்சல்காரன் கண் மாதிரி மங்கலாக. போகிற அவசரத்தில் பல்பு, பிரிட்ஜ் எதையும் அணைக்காமல் போயிருக்கிறார்கள். புயலிலிருந்து செத்துக் கிடந்த பல்பு இப்போது பிழைத்திருக்கிறது.

அவர் அப்படியே நின்று காதைக் கொடுத்தார். அடுத்த வீட்டுக் கொல்லையில் அக்காவின் ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம். மோட்டார்களோடு வாழ்ந்த காது அது. தன் சுமைக்கு மேல் எதையோ இழுக்கிற முக்கல் அந்தச் சத்தத்தில் இருந்தது. காலையிலிருந்து காதில் விழுந்துகொண்டுதான் இருந்திருக்க வேண்டும். அக்கா வீட்டுச் சத்தம் என்பதால் அவர் அதைக் கேட்கவே இல்லை.

அக்கா வீட்டுப் போர்டின் மேல் ஒரு ஈரத் துண்டு காயப் போட்டிருந்தது. தூக்கிப் பார்த்தார். மெயின் ஏற்றியிருந்தது. பள்ளத்தில் ஒரு பழைய கட்டை, ஓரம் உடைந்தது, உட்கார்ந்திருந்தது. அவர் மெயினை இறக்கினார், கட்டையைப் பிடுங்கினார். ஜெனரேட்டரின் முக்கல் நின்று குரல் லேசானது. திரும்பிப் பார்த்தால் பூட்டிய வீட்டுப் பல்பு அணைந்திருந்தது.

அக்கா வாசலுக்கு வந்தாள். அவருக்கு மூத்தவள், அவரைவிட ஒரு சுற்றுச் சின்ன உருவம், அவரைவிட இரண்டு மடங்கு பிடிவாதம். அவர் கையிலிருந்த கட்டையைப் பார்த்தாள். ஒளிக்க எதுவும் இல்லை என்று தெரிந்ததும் நிமிர்ந்துகொண்டாள். மேஜை டிராயரில் கிடந்ததாம். பியூஸ் ஒயர் சுற்றி அவளே மாட்டியிருக்கிறாள். லைன் ஆட்களின் வண்டி வருவதைப் பார்த்துவிட்டுத்தான் மாட்டினாளாம். கரண்டு வந்ததும் மெஷினுக்கு நேராக வந்துவிட வேண்டும், தம்பி கடையைத் திறந்து கட்டையைக் கொண்டுவந்து மாட்டுகிற வரைக்கும் அத்தானின் மூச்சு காத்திருக்காது என்று.

"என் வீட்டுக் கரண்டை நீ உன் கடையில தொங்கவிட்டா, நான் பாத்துக்கிட்டு இருப்பேனா? உன் கூடப் பிறந்தவதானே நானும்."

அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அதனால் கரண்டு தெருக் கம்பிக்குப் போனதையும், ஒருத்தன் அதில் கை வைக்க இருந்ததையும் சொன்னார். ஜெனரேட்டர் ஓடும்போது தெருக் கரண்டு வந்து மோதியிருந்தால் ஜெனரேட்டரும் மெஷினும் சேர்ந்து வெடித்திருக்கும் என்றும் சொன்னார். அக்கா தெருக் கம்பியையும் போர்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கரண்டு வெளிய இருந்துதானே உள்ள வரும்," என்றாள் கடைசியில். "உள்ள இருந்து எப்படிடா வெளிய போகும்?"

"போகும்."

"அதை அன்னிக்கே சொல்றதுக்கு உனக்கு என்ன? வாயில கொழுக்கட்டையா? காரணம் தெரிஞ்சா இதைத் தொட்டிருப்பேனா நான்?"

அதற்கு அவரிடம் இருந்ததெல்லாம் ஒரே பதில், சொன்னால் புரியாது என்பது. அதைச் சொல்லாமல் கட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

போஸ்ட்டில் ஒயரை வெட்டுவார்கள் என்கிற செய்தி அவளுக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது. இந்தத் தெருவில் செய்திக்கு மட்டும் கரண்டு வேண்டாம். அக்கா அவர் கையைப் பிடித்தாள். கெஞ்சுகிற பிடி இல்லை, கைதியைப் பிடிக்கிற பிடி. கட்டையைத்தான் எடுத்துவிட்டாயே, இனி யாருக்கு என்ன ஆபத்து, வாயை மூடிக்கொண்டு போ என்றாள். ஆபீசில் இருந்து ஆள் வருகிற வரைக்கும் இவரை எதை வைத்துக் காப்பாற்றுவேன் என்று கேட்டாள். உள்ளே மெஷின் புஸ் புஸ் என்று ஊதுகிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது.

"சொன்னியோ, உன் முகத்துல முழிக்க மாட்டேன். இது சத்தியம்."

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றுவிட்டு அவர் வந்தார். வருகிற வழியெல்லாம் மனசுக்குள் கணக்கு ஓடியது. உண்மையிலேயே இப்போது ஆபத்து இல்லை. கட்டை தன் பையில். யாருக்கும் நஷ்டம் இல்லாத ஒரு பொய். உலகத்தில் எத்தனை பேர் எத்தனை பொய் சொல்லிவிட்டு நன்றாகத் தூங்குகிறார்கள்.

போர்மேனிடம் போய், இப்போது பாருங்கள் என்றார். லைன்மேன் ஏறி டெஸ்டரை நீட்டினான். சத்தம் இல்லை. மறுபடி நீட்டினான், சத்தம் இல்லை. கூடியிருந்தவர்கள் முகத்தில் வெளிச்சம் வந்தது. போர்மேன் முகத்தில் வரவில்லை.

"எங்க இருந்து வந்துச்சு?"

எங்காவது ஈரச் சுவரில் கரண்டு ஒழுகியிருக்கும், வெயில் ஏறியதும் காய்ந்து நின்றுவிட்டது என்றார் காயில்காரர். சொல்லும்போதே அது தன் கடைக்கு வருகிறவன் குரல் மாதிரி அவர் காதிலேயே விழுந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை, தானாகத்தான்.

"தானா நின்னது தானா வரும்," என்றார் போர்மேன். "என் ஆளு கம்பியைப் பிடிச்சிருக்கும்போது வரும். எனக்கு இடம் தெரியணும்."

அவர் குரலை உயர்த்தவில்லை. வண்டியில் சாமான்களை ஏற்றச் சொல்லிவிட்டார். ஜனங்கள் முணுமுணுத்தார்கள். கல்நெஞ்சக்காரன் என்றார்கள். காயில்காரருக்கு மட்டும் அந்த ஆளைக் குறை சொல்ல முடியவில்லை. அந்த இடத்தில் தான் நின்றிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார், இதைவிடக் கடுமையாகவே.

லைன்மேன் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான். ரப்பர் கையுறை. கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் கிழிந்து, சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டுப் போட்டிருந்தது. நன்றாகவே ஒட்டியிருந்தான், ஓரம் கூடத் தூக்கவில்லை. ஒட்டு ஒட்டுதான். காயில்காரர் அதையே பார்த்தார். நாளைக்கு அக்கா தேடினால் டிராயரில் இன்னொரு கட்டை கிடைக்கும். கட்டை கிடைக்காவிட்டால் ஒரு துண்டுக் கம்பி கிடைக்கும். அவளை அவருக்குத் தெரியும். தன்னைத் தெரிகிற மாதிரி தெரியும்.

"என் அக்கா வீடு," என்றார். "கடைசி வீடு. அத்தான் மெஷின்லதான் மூச்சு விடறார். வெட்டறதுக்கு முன்னாடி உள்ள வந்து ஒரு தடவை பாருங்க."

போர்மேன் வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், பவர் பாயிண்டில் குத்தியிருந்த இருதலை ஒயரைப் பார்த்தார். பின் ஜன்னலைத் திறந்து, நேர் கீழே ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரைப் பார்த்துவிட்டு, இந்தப் புகை முழுக்க இவருக்குத்தானே போகிறது என்றார். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தம்பி இருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை.

அத்தானைப் பார்த்துவிட்டுப் போர்மேன் இரக்கப்படுவார் என்று காயில்காரர் ஒரு நிமிஷம் நினைத்தார். போர்மேன் கட்டையைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, நீங்கள் மூன்று கட்டையை ஆணியில் மாட்டி வைத்ததுகூடப் பாதி வேலைதான் என்றார். கட்டையைப் பிடுங்கினால் ஒரு கம்பிதான் அறும், கரண்டு திரும்புகிற நியூட்ரல் கம்பி தெருவோடு சேர்ந்துதானே இருக்கிறது, அது வழியாக எதுவும் வராது என்று யார் சொன்னது? காயில்காரருக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. தெரியாத விஷயம் இல்லை. நினைக்காத விஷயம்.

"வெட்டத்தான் செய்வேன்மா," என்றார் போர்மேன் அக்காவிடம். "கொடுமைக்காரன்னு நினைச்சுக்குங்க."

அவர் சொன்ன வழி இதுதான். ஜெனரேட்டரை ஜன்னலை விட்டுத் தள்ளி, கொல்லைக் கோடிக்கு, காற்று அந்தப் பக்கம் போகிற இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டு ஒயரிங்கோடு எந்தத் தொடர்பும் கூடாது. ஜெனரேட்டரிலிருந்து தடிமனான ஒரே எக்ஸ்டென்ஷன் ஒயர், அதன் மறுமுனையில் மெஷின் மட்டும். பிரிட்ஜ் வேண்டாம், பேன் வேண்டாம், விளக்கு வேண்டாம். வீடு முழுவதையும் இழுக்கிற பெட்ரோல், மெஷினை மட்டும் இழுத்தால் நாளை வரைக்கும் வரும்.

கேட்டால் இரண்டு வரி. செய்யும்போது ஜெனரேட்டரை அணைக்க வேண்டியிருந்தது. அக்கா சின்ன சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றினாள். காயில்காரர் கொல்லையில் சூடாக இருந்த ஜெனரேட்டரை லைன்மேனோடு சேர்ந்து தூக்கிக்கொண்டு போனார். கை பொசுங்கியது தெரியவில்லை. கடையிலிருந்து எடுத்துவந்த ஒயரை அவிழ்த்து ஜன்னல் வழியாக விட்டார். இன்ஜினைக் கிளப்பக் கயிற்றை இழுத்தார். பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தார். உள்ளே அக்கா அத்தானிடம் மெதுவாக, மெதுவாக என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டுக்குள் போய்விட்டது என்று லைன்மேன் ஜன்னலிலிருந்து சொன்னான். காயில்காரர் பெட்ரோல் குழாயைப் பார்த்தார். தூக்கும்போது அடைத்தது அப்படியே இருந்தது. அவர்தான் அடைத்தார். திறந்தார், இழுத்தார், பிடித்தது. உள்ளே மெஷின் இரண்டு தடவை கீச்சிட்டுவிட்டு ஊத ஆரம்பித்தது.

அவர் உள்ளே போனபோது அத்தானின் உதடு நாவல் பழ நிறத்தில் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழைய நிறத்துக்கு வந்தது. பிறகு போர்மேன் இருதலை ஒயரைக் கையில் எடுத்தார். காயில்காரர் அதை வாங்கி, தன் கட்டிங் பிளேயரால் இரண்டு தலையையும் வெட்டினார். மற்ற இரண்டு வீட்டு ஒயர்களையும் வாங்கி வந்து அவர் கண் முன்னாலேயே வெட்டினார். தையல்காரி, கட்டிக் கொடுக்கிற கையும் நீங்கதான், வெட்டுகிற கையும் நீங்கதான் என்று மட்டும் சொன்னாள்.

அக்கா வீட்டு ஒயர் போஸ்ட்டில் வெட்டுப்பட்டு, பாம்புச் சட்டை மாதிரி சுவரோடு தொங்கியது. அதற்குப் பிறகுதான் லைன்மேன் ஏறினான். கம்பியைச் சேர்த்தான். மதியத்துக்கு மேல் தெருவுக்குக் கரண்டு வந்தது. காயில்காரர் தையல்காரிக்கும் டிரைவருக்கும் கட்டையைத் திருப்பி மாட்டிக் கொடுத்தார். பூட்டிய வீட்டுப் பல்பு உட்பட எல்லாம் எரிந்தது. அதிகாரியிடம் சொல்லிப் பார்க்கிறேன், சேஞ்ச் ஓவர் மாட்டியிருந்தால் சீக்கிரம் சேர்ப்பார்கள், வாக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போர்மேன் வண்டியில் ஏறினார்.

கடைச் சுவரில் காயில்காரரின் சொந்த உபயோகத்துக்கு ஒரு சேஞ்ச் ஓவர் இருந்தது. காயில் சுற்றிய மோட்டார்களை ஓட்டிப் பார்க்க மாட்டியது. தெருவுக்கெல்லாம் இருதலை ஒயர் கட்டிக் கொடுத்தபோது அது அவர் தலைக்கு மேலேதான் இருந்தது. அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். அக்கா கதவைத் திறந்துவிட்டாள். வா என்று சொல்லவில்லை. முகத்தில் முழிக்க மாட்டேன் என்ற சத்தியத்தைக் காப்பாற்ற, அவர் வேலை செய்த நேரமெல்லாம் அவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்றாள்.

அவர் போர்டைப் பிரித்து, மெயினுக்கும் வீட்டுக்கும் நடுவில் அதை உட்காரவைத்தார். யாரும் கேட்காமலே பேசிக்கொண்டு வேலை செய்தார். அது அவருக்கு வழக்கம் இல்லை. இது தெருவிலிருந்து வருகிற ஜோடி, இது ஜெனரேட்டரிலிருந்து வருகிற ஜோடி, நடுவில் இருப்பது வீடு. இந்தச் சுவிட்ச் கட்டை மாதிரி ஒரு கம்பியை மட்டும் அறுக்காது, நியூட்ரலையும் சேர்த்து இரண்டையும் அறுக்கும். ஜெனரேட்டர் ஒயருக்கு இனி குத்துகிற தலை இரண்டு வேண்டாம், வெளிச்சுவரில் இந்தப் பெட்டிக்குள் குத்துகிற ஆண் பிளக் பதித்திருக்கிறது, ஒயரின் இந்த முனையில் துளை மட்டும் உள்ள பெண் தலைதான். 

கட்டிலிலிருந்து அத்தான்தான் பேசினார். ஒவ்வொரு வார்த்தைக்கும் மெஷினிடம் காற்றுக் கடன் வாங்கிப் பேசுகிறவர்.

"இதை அன்னிக்கே... சொல்லியிருந்தா... உங்க அக்கா... கேட்டிருப்பான்னா... நினைக்கிற?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. கேட்டிருப்பாளா, மாட்டாளா? சொல்லாமல் விட்டதால் இனி அது ஒருநாளும் தெரியப்போவதில்லை.

வேலை முடிந்து மூடியைத் திருகினதும் அவர் விலகி நின்றார். அக்கா முன்னால் வந்து கைப்பிடியைப் பிடித்தாள். மேலே தள்ளினாள். கீழே தள்ளினாள். நடுவில் நிறுத்திப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒன்றாகச் சேருமா என்று பார்க்க, உடம்பின் பாரம் முழுக்கக் கொடுத்து நெரித்துப் பார்த்தாள். அது சேரவில்லை.

"நான் இழுத்தாலும் இப்படித்தானா?" சுவரிடம்தான் கேட்டாள்.

"யார் இழுத்தாலும்."

"உன்னைக் கூப்பிட வேண்டியதில்ல?"

"வேண்டியதில்ல."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு மெஷின் பக்கம் போய் உட்கார்ந்து, அத்தான் மூக்கிலிருந்து நழுவின குழாயைச் சரி செய்தாள். வெளியே தையல்காரி வீட்டில் தையல் மிஷின் ஓடுகிற சத்தம். டிரைவர் வீட்டில் யாரோ ரேடியோ போட்டிருந்தார்கள். இந்த வீட்டில் மட்டும் பேன் நின்றிருந்தது, வேர்வை கழுத்தில் வழிந்தது.

காயில்காரர் சாமான் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். தெருவில் இறங்கவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைக் கோடிக்குப் போய், ஜெனரேட்டரின் டாங்க் மூடியைத் திறந்து எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று பார்த்தார். நாளை வரைக்கும் வரும் என்று போர்மேன் சொல்லியிருந்தார். வரலாம். ஒரு செங்கல்லைப் புரட்டிப் போட்டு, புகை படாத பக்கமாக அதன் மேல் உட்கார்ந்து, இன்ஜின் சத்தத்தைக் கேட்க ஆரம்பித்தார்.